கேள்வி - பதில்: வெந்நீர் ஊரில் ஒரு பனிக்காலம்

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில் உள்ள நோசாவா ஓன்சென் (‘ஓன்சென்’ என்றால் வெந்நீர் ஊற்று) என்ற மலைக் கிராமத்தில், டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை தங்கிவிட்டு வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

பனிச்சறுக்கு என்றால் சுவிட்சர்லாந்து என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். ஜப்பானில், அதுவும் ஒரு கிராமத்தில், அப்படி என்ன இருக்கிறது?
(வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்)

முதலில் பனி இருக்கிறது. சைபீரியாவிலிருந்து குளிர்காலத்தில் புறப்படும் உறைகாற்று, தன்னைவிட வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையை அடுத்து நிற்கும் மலைகளில் மோதி, சுமந்ததையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று உங்கள் ஊருக்கு மேலே வால்பாறையில் மழையைக் கொட்டிவிட்டு, கீழே சமவெளிக்கு வரும்போது வெறுங்கையோடு வருகிறதல்லவா, அதே கணக்குத்தான் இங்கும். நோசாவாவை அடுத்துள்ள சாகாயே கிராமத்து ரயில் நிலையத்தில் 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று 7.85 மீட்டர் பனி கிடந்ததாக அளந்திருக்கிறார்கள். இரண்டு மாடி வீடு ஒன்று கூரையோடு மூழ்கிப்போகும் உயரம் அது.

சறுக்குக் கலை ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். 1911இல் ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவ அதிகாரி தியோடர் ஃபான் லெர்ஹ், பக்கத்து மாகாணத்துத் தக்காதா நகரில் ஜப்பானியப் படைவீரர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் நோசாவாக்காரர்களும் பழகிக்கொண்டு, 1923இல் தங்களுக்கென ஒரு சறுக்குச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். சுமார் 3,500 பேர் மட்டுமே வாழும் இந்த ஊரில் பிறந்த தக்கானோரி கோனோ 1992, 1994 குளிர்கால ஒலிம்பிக்குகளில், பனித்தாவலும் சறுக்கோட்டமும் சேர்ந்த நார்டிக் கூட்டுப் போட்டியின் அணிப் பிரிவில் தங்கம் வென்றார். 1998 நாகானோ ஒலிம்பிக்கின் பயத்லான் போட்டி, அதாவது சறுக்கோட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி, இங்கேதான் நடந்தது. கிராமத்தின் தலைக்கு மேல் 1,650 மீட்டர் உயரத்தில் நிற்கும் கெனாஷி மலையிலிருந்து அடிவாரத்துக்கு, நின்று நின்று இறங்கினால், பத்துக் கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே வரலாம். தோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் ஈயாமா நிலையம், அங்கிருந்து பேருந்தில் அரை மணிக்கும் குறைவு.

என் மகளுக்கு 22 வயது. அங்கே ஒரு பருவம் முழுவதும் வேலை பார்த்துக்கொண்டே சறுக்கக் கற்க விரும்புகிறாள். முடியுமா?
(வாசகி ஒருவர், டொராண்டோ)

மகள் கனடியக் குடியுரிமை பெற்றவர் என்றால் முடியும். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் முதலிய நாடுகளோடு ஜப்பான் செய்துகொண்டுள்ள ஏற்பாட்டின்படி, 18 முதல் 30 வயது வரையிலான இளைஞர்கள் வேலையும் பயணமும் சேர்ந்த விசாவில் அங்கே தங்கலாம். இந்தியாவோடும் இலங்கையோடும் அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆகவே இதே கேள்வியை அனுப்பியுள்ள மற்ற இரு வாசகர்கள், சுற்றுலா விசாவில் போய் விடுதியில் பாத்திரம் கழுவிச் சமாளித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். நானும் காசு கொடுத்துத் தங்கிய விருந்தினனாகத்தான் அங்கே இருந்தேன்.

வேலை பெரும்பாலும் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளில் கிடைக்கும்: விடியற்காலையில் உணவு பரிமாறுவது, படுக்கை மடிப்பது, வாசலில் பனி அள்ளுவது. பகலில் சில மணி நேரம் மலைக்குப் போகலாம். வேலைக்குச் சேருமுன் வார விடுமுறை எத்தனை நாள், தங்குமிடத்தில் கணப்பு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். காகிதச் சுவரும் மெல்லிய மரமுமாகக் கட்டிய பழைய வீடுகளில், இரவு தலைமாட்டில் வைத்த தண்ணீர் காலையில் உறைந்திருக்கும்.

பொதுக் குளியல் இல்லங்களில் கட்டணமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அரசு நடத்துகிறதா?
(வாசகர் ஒருவர், சேலம்)

அரசு நடத்தவில்லை, தெருக்காரர்கள் நடத்துகிறார்கள். ஊருக்குள் மரத்தால் கட்டிய 13 குளியல் இல்லங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள வீடுகள் சேர்ந்து ‘யூ-நகாமா’, அதாவது வெந்நீர்க் கூட்டாளிகள், என்ற பெயரில் முறைவைத்துக் கழுவித் துடைத்து, விளக்குச் செலவையும் பகிர்ந்துகொள்கின்றன. ஏரிக்கரையைக் காக்க நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஒன்று இருந்ததே, அதன் வெந்நீர் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களும் குளிக்கலாம், வாசலில் உண்டியல் இருக்கும், மனம்போல் காசு போடலாம். போடாமல் போகிறவரை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் நாளை அதே தொட்டியில் அதே முகங்களைத்தான் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். சென்ற மூன்றாம் நாள் விடியற்காலையில், விடுதிக்கு அடுத்திருந்த இல்லத்தில் துணி களைந்து, தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவி, அதுவரை எல்லாம் சரியாகவே செய்தேன். காலை நீரில் வைத்ததும் தோல் உரிந்துவிடும் போலிருந்தது. விளாவிக் குளித்தே பழகிய நாம் என்ன செய்வோமோ அதைச் செய்தேன்: குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். கழுத்தளவு நீரில் கண்மூடிக் கிடந்த முதியவர் எழுந்துவந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், குழாயை மூடிவிட்டு மீண்டும் போய் உட்கார்ந்தார். தொட்டியில் வேறொருவர் இருக்கும்போது அவரைக் கேட்காமல் நீரை ஆற்றக் கூடாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குப் போய், வணக்கம் சொல்லி, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று படிப்படியாக இறங்கிப் பழகினேன். பிப்ரவரியில் ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும் அந்த முதியவரே கையை நீட்டிக் குழாயைத் திறந்துவிட்டார், ஒரு குவளை அளவு நீர் விழுந்ததும் மூடியும் விட்டார்.

ஒரு வேண்டுகோள்: தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அந்தத் தொட்டிகளின் பக்கம் போகாதீர்கள்.

சைவ உணவு கிடைக்குமா?
(வாசகி ஒருவர், கும்பகோணம்)

கடினம். காய்கறிக் குழம்பானாலும் கோதுமை மணம் வீசும் நூடுல்ஸானாலும், அடியில் இருக்கும் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கியது. மீன் துண்டு கண்ணில் படாததால் அதைச் சைவம் என்று விடுதிக்காரர் நல்ல மனத்தோடு சொல்லிவிடக்கூடும். ஆகவே மீன்சாறும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கிய அட்டை ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். அரிசிச் சோறு, டோஃபு, மாவுக்குள் கீரை வைத்து வேகவைத்த ‘ஓயாகி’, ஊர்ப் பெயரையே தாங்கிய நோசாவானா கீரை ஊறுகாய் ஆகியவற்றைக் கேட்டு உறுதி செய்துகொண்டு உண்ணலாம். அந்தக் கீரையை ஊறப்போடுமுன், இலையுதிர் காலத்தில், ஊரின் ஊற்று வெந்நீரில் அலசுவார்கள். ஏறத்தாழ 90 டிகிரியில் கொதித்து எழும் ஓகாமா என்ற ஊற்று ஊராரின் பொது அடுப்பு. முட்டையும் கீரையும் அங்கேதான் வேகின்றன. வெளியாட்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி. பருப்புப் பொடியை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஜனவரியில் நெருப்புத் திருவிழா நடக்கிறதாமே? நம் சொக்கப்பனை போன்றதா?
(வாசகர் ஒருவர், திருவண்ணாமலை)

எரிவது ஒன்றுதான்; எரியவிடாமல் தடுக்க ஆட்கள் நிற்பதுதான் வேறுபாடு. ஜனவரி 15 இரவு நடக்கும் டோசோஜின் (வழிக்காவல் தெய்வம்) விழாவுக்காக, காட்டிலிருந்து இழுத்துவந்த பீச் (beech) மரங்களைக் கொண்டு கோபுரம் போல் ஒரு மேடை கட்டுவார்கள். 25 வயதும் 42 வயதும் ஆண்களுக்குக் கண்டமான வயதுகள் என்பது அங்குள்ள நம்பிக்கை. 42 வயதுக்காரர்கள் மேடையின் உச்சியில் ஏறி அமர, 25 வயதுக்காரர்கள் அடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஊரின் மற்றவர்கள் தீப்பந்தங்களோடு வந்து மோதுவார்கள். அடியில் நிற்பவர்கள் ஊசியிலைக் கொப்புகளால் தீயை அடித்து அணைப்பார்கள். முகம் கரியாகி, மூச்சு வாங்கி, இரு தரப்பும் போதும் என்ற பிறகே மேடைக்கு எரியூட்டுவார்கள். முந்தைய ஆண்டில் முதல் ஆண்குழந்தை பிறந்த வீடுகள் செய்து நிறுத்திய உயரமான விளக்குக் கம்பங்களும் அதிலேயே எரிந்துபோகும்.

விழாவைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சண்டையைவிட அதற்கு முன்னிருந்த வேலைதான் பெரிதாகப்பட்டது. 40, 41, 42 வயது ஆண்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் விழாவை நடத்த வேண்டும் என்பது முறை. தோக்கியோவில் குடியேறிவிட்டவர்களும் அதற்காக ஊர் திரும்புகிறார்கள். நீங்கள் போனால் பழைய கம்பளி உடுத்திப் போங்கள். காற்றில் பறக்கும் தீப்பொறி, விலையுயர்ந்த பனிச்சட்டையில் சல்லடை போட்டுவிடும்.

எனக்கு 58 வயது, முழங்காலும் சரியில்லை. சறுக்காமல் அங்கே போவதில் பொருள் உண்டா?
(வாசகர் ஒருவர், திருச்சிராப்பள்ளி)

உண்டு. நானே பத்து வாரத்தில் மலைக்குப் போனது இருபது நாள் இருக்கும். மற்ற நாட்களில் அடிவாரத்துச் சரிவில் மூன்று வயதுப் பிள்ளைகள் என்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போனாலும் கயிறு கட்டிய எல்லையைத் தாண்ட வேண்டாம். தாண்டியவரைத் தேடி மீட்கும் செலவை அவரிடமே வாங்குவதற்கு ஊராட்சியே சட்டம் இயற்றி வைத்திருக்கிறது.

காலையில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரே ஓசை: அகன்ற பனிமண்வெட்டி தரையில் உரசும் ஓசை. கூரைமேல் ஏறிப் பனி தள்ளுவதை மட்டும் உள்ளூர்க்காரர்களிடமே விட்டுவிடுங்கள். ஜப்பானில் ஆண்டுதோறும் பனியால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் அந்த வேலையில் விழுந்தோ, சரிந்த பனியில் புதைந்தோ இறக்கிறார்கள், அவர்களிலும் முதியவர்களே அதிகம். வாசற்படியைச் சுத்தம் செய்ய உங்கள் முழங்கால் இடம் கொடுக்கும். விடுதியம்மாவிடம் மண்வெட்டியை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள், விருந்தினரிடம் அவர் தாமாகக் கொடுக்கமாட்டார். நனைந்த பனி கனக்கும். காலை ஆறு மணிக்கு முன்பே அள்ளிவிட்டால் எடை குறைவுதான்.