பெட்டிக்குள் சனிக்கோள்

கேள்வி: அப்பப்பாவின் தகரப் பெட்டியில் பழைய ஆங்கில விஞ்ஞானக் கதைப் புத்தகங்கள் கிடக்கின்றன. அட்டைகளுக்காக மட்டும் வைத்திருக்கலாமா?
- வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: கட்டாயம் வையுங்கோ, தம்பி. 1926 ஏப்ரலில் வந்த 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அமெரிக்க விஞ்ஞானக் கதைச் சஞ்சிகையின் முதல் இதழ் அட்டையில், பனிமேல் ஆட்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். பின்னால் வளையத்தோடு பெரிய சனிக்கோள். வரைந்த ஃபிராங்க் ஆர். பால் கட்டடக்கலை படித்தவர். அவருடைய இயந்திரங்கள் கட்டி எழுப்பியவை போலவே நிற்கும்.

உங்கள் அட்டைகளை ஒருக்கா உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கோ. படம் முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு அச்சுமைப் புள்ளிகள்தான்! சிலதில் சிவப்பு மை அச்சில் மயிரிழையளவு விலகி, உதட்டுக்கு வெளியே நிற்கும். எனக்கு அதில்தான் கொள்ளை ஆசை.

2008இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது என் புத்தகங்கள் எல்லாம் போயின. கொப்பிக்குள் மடித்த ஓர் அட்டை மட்டும் மிஞ்சியது. சரி, தகரம் வெயிலில் கொதிக்கும். முதலில் அலுமாரிக்கு மாற்றுங்கோ.