மரண உந்துதலை நான் நம்பவில்லை, ஆனால்…

“மனிதன் தெரிந்தே தன்னைக் கெடுத்துக்கொள்வது ஏன்? ஃப்ராய்ட் சொன்ன மரண உந்துதல் உண்மைதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட், நமக்குள்ளேயே அழிவை நோக்கித் தள்ளும் ஒரு விசை இருக்கிறது என்றார்; அதுதான் மரண உந்துதல். அது உண்மை என்று நான் நம்பவில்லை. ஆனால் அவரை அந்த முடிவுக்குக் கொண்டுபோன விஷயங்களை லேசில் தள்ளிவிட முடியாது.

மனம் இன்பத்தைத் தேடும், வலியைத் தவிர்க்கும் என்றுதான் அவர் முதலில் சொல்லிவந்தார். முதல் உலகப் போர் அதைக் குழப்பிவிட்டது. திரும்பி வந்த சிப்பாய்கள் தாங்கள் அதிர்ந்துபோன அதே நொடியைக் கனவில் மறுபடி மறுபடி கண்டு பதறி எழுந்தார்கள். இன்பம் தேடுகிற மனத்துக்கு இந்தக் கனவு எதற்கு? அவருடைய ஒன்றரை வயதுப் பேரனும் அவரை யோசிக்க வைத்தான். நூல் கட்டிய மர உருளையைக் கட்டிலுக்குள் வீசி “ஓ…” என்று நீட்டுவான். நூலைப் பிடித்து இழுத்து, உருளை கண்ணில் பட்டதும் குதூகலிப்பான். அம்மா வெளியே போய்த் திரும்புவதைத்தான் பிள்ளை நடித்துப் பார்க்கிறது என்று தாத்தாவுக்குப் பட்டது. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் வீசுவதோடு ஆட்டம் முடிந்துவிடும். வலிக்கிற பாதியைத்தான் அவன் அலுக்காமல் ஆடினான்.

1920-இல் வந்த ‘இன்பக் கோட்பாட்டுக்கு அப்பால்’ நூலில் இங்கிருந்து ஒரே தாவாகத் தாவினார்: உயிருள்ள எல்லாமே உயிரற்ற பழைய நிலைக்குத் திரும்பத்தான் பார்க்கின்றன என்று. (அழிவும் ஆக்கமும் பின்னிக் கிடப்பதை சபினா ஸ்பீல்ரைன் என்ற உளப்பகுப்பாளர் 1912-லேயே எழுதியிருந்தார். அவருக்குக் கிடைத்தது ஓர் அடிக்குறிப்பு.) எனக்கு இடிப்பது இந்தத் தாவல்தான். எதைக் காட்டினாலும் மரண உந்துதல் என்று சொல்லிவிடலாம், தவறென்று காட்ட வழியே இல்லை. உளப்பகுப்பாளர் மெலனி க்ளைன் இந்தக் கருத்தைப் பற்றிக்கொண்டார். வில்ஹெல்ம் ரைஹ், ஓட்டோ ஃபெனிகல் போன்ற ஃப்ராய்ட் வழி வந்தவர்களே ஏற்கவில்லை.

1917-இல் துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை எனக்கு இதைவிடப் பெரிது. தன்னையே ஓயாமல் திட்டிக்கொள்பவரைக் கூர்ந்து கேளுங்கள், அந்த வசவு அவருக்குப் பொருந்தாது, அவர் நேசித்த இன்னொருவருக்குத்தான் பொருந்தும் என்கிறார். எங்கள் உறவில் ஒருவர் அப்பா இறந்த பிறகு “நான் பொறுப்பில்லாதவன்” என்றே புலம்பிக்கொண்டிருந்தார். யாரிடமும் பத்து ரூபாய் பாக்கி வைக்காத மனுஷன். குடும்பத்தைக் கடனில் தள்ளிவிட்டுப் போனவர் அப்பாதான். செத்தவரைத் திட்ட மகனுக்கு மனம் வருமா?

அப்புறம், தெரிந்தே தன்னைக் கெடுத்துக்கொள்வது என்றால் ஃப்ராய்டின் சுருட்டும் நினைவுக்கு வரும். ஒரு நாளைக்கு இருபது வரை பிடிப்பார். 1923-இல் வாயில் புற்றுநோய் தெரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தும் சுருட்டை விடவில்லை. சுருட்டு இருந்தால்தான் வேலை ஓடும் என்பது அவருடைய கட்சி. இதற்கு மரண உந்துதல் வேண்டாம், நிகோடின் என்ற விளக்கமே எனக்குப் போதும்.