அண்ணாச்சியிடம் கேளுங்கள்: எடைக்குப் போடும் முன்

பாளையங்கோட்டையில் 30 வருடமாகப் பழைய இரும்புக் கடை நடத்துகிறேன். சுழற்சிப் பொருளாதாரம், அதாவது பொருளைத் தூக்கிப் போடாமல் முடிந்தவரை திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வள்ளியூர், கல்லூரி மாணவி: சுழற்சிப் பொருளாதாரம் என்றால் மறுசுழற்சிதானே அண்ணாச்சி?

மறுசுழற்சி அதில் கடைசிப் படி தாயி. உங்கள் ஆச்சி வீட்டுப் பித்தளைக் குடத்தை நினைத்துப் பாருங்கள். ஒடுக்கு விழுந்தால் தட்டி எடுத்தார்கள், ஓட்டை விழுந்தால் பற்றவைத்தார்கள். இனித் தேறாது என்றபோதுதான் எடைக்குப் போட்டார்கள். உருக்கினால் மறுபடியும் பித்தளைதான். அலுமினியமும் அப்படியே, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும், பழைய சட்டியை உருக்கிவிடலாம்.

பிளாஸ்டிக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, உருக்க உருக்கத் தரம் இறங்கும். வாட்டர் பாட்டிலை மூடியோடு துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் பாட்டில் துண்டு முங்கும், மூடித் துண்டு மிதக்கும். எளிதாகப் பிரிக்கலாம். ஆனால் ஒரு பிவிசி துண்டு விழுந்தால் அதுவும் சேர்ந்து முங்கும், மொத்தச் சரக்கும் கெடும். அதனால் கலக்காதீர்கள்.

அம்பாசமுத்திரம்: சிப்ஸ் பாக்கெட் எடுப்பீர்களா?

மாட்டேன். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக் கிடக்கும், பிரிக்க முடியாது. சிமென்ட் சூளையில் எரிக்கத்தான் ஆகும்.

மேலப்பாளையம்: ஒயரை எரித்துச் செம்பாகக் கொண்டுவந்தால் விலை கூடுமா?

குறைப்பேன். செம்பு கறுத்துவிடும், புகையும் விஷம். உரித்துக் கொண்டுவாருங்கள்.

பேட்டை, டீக்கடைக்காரர்: பேப்பர் கப் மக்கிவிடும்தானே?

வெறும் பேப்பர் சுடு டீயைத் தாங்குமா தம்பி? ஒரு கப்பை ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள், உள்ளேயிருந்து மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிந்து வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்த மாதிரிக் கப்புக்குத் தடை. கண்ணாடி கிளாஸுக்கு மாறுங்கள்.

தச்சநல்லூர்: ஒரே வாளியில் முக்கி எடுக்கிற கிளாஸில் நான் குடிக்க மாட்டேன்!

குறை வாளியில் இருக்கிறது, கிளாஸ் என்ன செய்யும்? பாய்லரில் எந்நேரமும் சுடுதண்ணீர் கிடக்கிறதே.

பேட்டை: காலைக் கூட்டத்தில் வந்து கழுவிப் பாருங்க அண்ணாச்சி!

வருகிறேன். டீ இலவசமா?

தச்சநல்லூர்: அப்போதும் வாளியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன்.

சரி, பாருங்கள்.

சங்கர்நகர்: பழைய இன்வெர்ட்டர் பேட்டரி?

புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

களக்காடு: சிப்ஸ் பாக்கெட்டைக் கழுவிக் கொடுத்தால்?

கழுவினாலும் மாட்டேன்.