குரோமியம் கலந்த நிலத்துக்கு சூடோமோனாஸ் விடலாமா?

கேள்வி: ஐயா, வாலாஜாபேட்டை பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் லேசாக மஞ்சளாக வருகிறது. நெல் நாற்று வெளுத்து, வேர் கட்டையாக நிற்கிறது. சூடோமோனாஸ் பாக்டீரியா விட்டால் தோல் கழிவு விஷம் மண்ணை விட்டுப் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: போகாது. தோல் கழிவில் வரும் விஷம் குரோமியம் என்ற உலோகம். அது மக்கி அழிகிற பொருள் அல்ல. ஆனாலும் சூடோமோனாஸ் விடுவதில் பலன் உண்டு.

முதலில் தண்ணீர். அந்த மஞ்சள்தான் எனக்குக் கவலை. ஒரு வெள்ளை வாளியில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். இரும்பு என்றால் காலையில் செம்பழுப்பாக அடியில் படிந்திருக்கும். படியாமல் தெளிந்த மஞ்சளாகவே நின்றால், ஆறு இணைதிறன் குரோமியமாக இருக்கலாம். நீரில் கரைந்து வேருக்குள் எளிதாகப் புகும் வடிவம் அதுதான். ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். பாசன நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. முடிவு வரும்வரை நீங்களும் குடிக்க வேண்டாம், மாட்டுக்கும் காட்ட வேண்டாம்.

இனி பாக்டீரியா. விஷம் பட்ட வேர் எத்திலீன் என்ற வாயுவை அதிகமாகச் சுரந்து தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்ளும். உங்கள் நாற்றின் வேர் கட்டையாக நிற்க இது ஒரு காரணம். வேரை ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியாக்கள் சில, எத்திலீனுக்கான மூலப்பொருளையே உடைத்துவிடும். வேர் மறுபடி ஓடும். அவை சுரக்கும் பசை உலோகத்தைப் பிடித்து வைக்கும். சில ரகங்கள் ஆறு இணைதிறன் குரோமியத்தை, எளிதில் கரையாத மூன்று இணைதிறனுக்கு மாற்றும். ஆனால் கடையில் கிடைக்கும் சூடோமோனாஸ் பெரும்பாலும் நோய்க் கட்டுப்பாட்டுக்காகத் தேர்ந்த ரகம். அதனிடம் இவை எல்லாவற்றையும் எதிர்பார்க்காதீர்கள்.

ஏக்கருக்கு ஒரு கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது சாயங்காலம் தூவுங்கள். ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியோடு சேர்க்க வேண்டாம். தொழுவுரத்தைத் தனியாகவும் தாராளமாகப் போடுங்கள். மண்ணில் மக்கிய பொருள் இருந்தால் அதுவும் குரோமியத்தை அடக்கும். சொல்லப்போனால், பாக்கெட்டை விட இதைத்தான் நான் நம்புவேன்.

குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும். அதனால் முள்ளங்கி வேண்டாம். இலைக்கும் கொஞ்சம் ஏறலாம் என்பதால் கீரையும் வேண்டாம். தண்ணீர் கெட்டிருப்பது உறுதியானால் நெல்லையும் விட்டுவிட்டு சம்பங்கியோ சவுக்கோ வையுங்கள். மண்ணை நான்கைந்து இடத்தில் எடுத்து, தண்ணீரோடு சேர்த்தே பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.