கணவாய் ஏறும் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் மூவரும் சாவகச்சேரியைச் சேர்ந்த ஆசிரியர்கள். ஓகஸ்ட் விடுமுறையில் கண்டியில் தொடங்கி நுவரெலியா, எல்ல வழியாக வெல்லவாய வரை சைக்கிளில் செல்ல எண்ணியுள்ளோம். இருவரிடம் கியர் வண்டி உண்டு. மூன்றாமவரிடம் இருப்பது கியர் இல்லாத சாதாரண வண்டி. சமதரையில் ஒரு நாளில் 80 கிலோமீற்றர் ஓடிப் பழகியிருக்கிறோம். இந்தப் பயணம் எங்களுக்குக் கைகூடுமா?

பதில்: கைகூடும். ஆனால் நீங்கள் குறித்திருக்கும் மாதத்துக்கு இந்தப் பாதையின் முதற்பகுதி பொருந்தாது.

ஓகஸ்டில் தென்மேல் பருவக்காற்று, அதாவது உங்கள் ஊரில் சோழகம் என்று சொல்லும் காற்று, கம்பளை, புசல்லாவை, றம்பொடைப் பக்கத்து மலைகளில் மோதி, சுமந்துவந்த ஈரத்தை அங்கேயே இறக்கிவிடும். மலைமுகட்டைக் கடந்து ஊவாவுக்குள் இறங்கும்போது அதே காற்று ஈரமிழந்து, மட்டக்களப்பார் கச்சான் என்று அழைக்கும் வறண்ட காற்றாக வீசும். ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கு யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இந்தக் காற்றையே தோட்டத்துக்காரர்கள் காரணமாகச் சொல்வார்கள். கொழுந்துக்கு நல்ல அந்தக் காலம் சைக்கிளுக்கும் நல்லது. ஆகவே ஓகஸ்டில் பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல, வெல்லவாய என்ற வட்டத்துக்குள் நில்லுங்கள். கண்டியிலிருந்து நுவரெலியா ஏறும் பகுதியை சனவரி முதல் மார்ச் வரையான மாதங்களுக்கு ஒத்திவையுங்கள்.

அவ்வாறு ஒத்திவைத்தபின் ஏறும்போது, வரைபடத்தில் தெரியும் 77 கிலோமீற்றரை உங்கள் ஊர் 77 கிலோமீற்றராகக் கணக்கிட வேண்டாம். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி றம்பொடை அருவிக்குப் பிறகுதான் வருகிறது. அதுவரை உடலில் மிச்சம் வைத்திருந்தவருக்கே லபுக்கலைத் தேயிலைச் சரிவுகளில் வளைவுக்கு மேல் வளைவாகத் தொங்கும் வீதி இன்பமாக இருக்கும். முதல் நாள் புசல்லாவையிலோ றம்பொடையிலோ தங்கிவிட்டு, மறுநாள் விடிந்ததும் புறப்படுவதே என் பரிந்துரை. மலையில் பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை இறங்கும், அதற்கு முன் நீங்கள் நுவரெலியாவில் இருக்க வேண்டும்.

கியர் இல்லாத நண்பருக்கு ஒரு சின்னக் கணக்கு. பெடலோடு சுற்றும் பற்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்துப் பற்சக்கரத்தில் 18 பல் என்றால், பெடலை ஒருமுறை சுற்ற வண்டி ஏறத்தாழ 5 மீற்றர் நகரும். கொடிகாமம் வீதிக்கு அது உகந்தது. றம்பொடை வளைவில் முழங்காலைத்தான் உடைக்கும். முன்னால் 34, பின்னால் 34 பல் கொண்ட கியரில் ஒரு சுற்றுக்கு 2 மீற்றர் சொச்சமே நகரும். அந்த நடையில் மணிக்கு ஏழு, எட்டுக் கிலோமீற்றர் வேகம்தான் கிடைக்கும், ஆனால் பேசிக்கொண்டே ஏறலாம். அவர் கியர் வண்டி ஒன்றை இரவல் வாங்கட்டும். கிடைக்காவிட்டால் செங்குத்தான இடங்களில் தள்ளிக்கொண்டு நடப்பதற்கு வெட்கப்பட வேண்டாம், நானும் நடந்திருக்கிறேன்.

வெல்லவாயவிலிருந்து எல்லக்கு ஏறுவதா, எல்லயிலிருந்து இறங்குவதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முதன்முறை வருபவர்கள் ஏறுங்கள் என்றே சொல்லியிருப்பேன். 27 கிலோமீற்றர் தூரத்துக்குள் எண்ணூறு மீற்றருக்கும் அதிகமாகச் சரியும் பாதை அது; இராவணன் அருவியை ஒட்டிய வளைவுகளில் படமெடுக்கும் கூட்டமும் வாகனங்களும் எப்போதும் வழியை அடைத்து நிற்கும். ஏற்றத்தில் களைத்தால் இறங்கி நிற்கலாம். இறக்கத்தில் பிழைத்தால் நிற்க இடம் கிடைக்காது.

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். செங்கலடி வீதியால் பதுளைக்கு ஏறி, பிறகு நுவரெலியா போய், கண்டிக்கு இறங்க வேண்டும் என்பது என் ஆசை. என் வண்டியில் இருப்பது ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக். மலை இறங்க அது போதும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பாரவண்டிச் சாரதிகளிடம் ஒரு பழைய விதி உண்டு: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் பொருள். சைக்கிளில் அப்படி இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. நீங்களும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 மீற்றர் இறங்கும்போது விடுபடும் சக்தி சுமார் 880 கிலோயூல். அறை வெப்பத்திலுள்ள இரண்டரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான். ரிம்முக்குள்ளே டியூப் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு இது ஒரு முறை பட்டுத்தான் புரிந்தது. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது, பயத்தில் பின்பிரேக்கை மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு வளைவுக்கு முன் துப்பாக்கி வெடித்ததுபோல் ஓர் ஓசை கேட்டது. பின்சக்கரம் வெறும் ரிம்மில் உருண்டு வண்டி பக்கவாட்டில் இழுபட்டது. நல்லகாலமாக மேட்டுப் பக்கம்தான் இழுத்தது. ஓரத்துக் கானில் காலை ஊன்றி நின்று, போத்தல் தண்ணீரை ரிம்மில் கொஞ்சம் தெளித்தேன். தோசைக்கல்லில் விழுந்ததுபோல் ‘சுர்’ரென்று போயிற்று. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, “தம்பி, சக்கரத்துக்குக் காய்ச்சலா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைவிடச் சரியாக அதை விளக்க என்னால் முடியாது.

ஆகவே விடாமல் அழுத்தாதீர்கள். நேரான துண்டில் வண்டியைச் சற்று ஓடவிட்டு, வளைவு வருமுன் முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் நேரத்தில் காற்று ரிம்மை ஆற்றும். நாலைந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை நின்று ரிம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கையை வைக்க முடியாத சூடு என்றால் ஒரு சாயத்தண்ணி குடிக்கும் நேரம் காத்திருங்கள். மழை பெய்தால் ரிம் சூடாகாது, ஆனால் முதல் சில சுற்றுகளுக்குப் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. ஈரத்தைத் துடைப்பதற்காக முன்கூட்டியே மெல்லத் தொட்டுவைக்க வேண்டும். புதிய பிரேக் கட்டை ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

நீங்கள் தெரிவுசெய்த வீதியைப் பற்றியும் ஒரு சொல். செங்கலடியில் தொடங்கும் ஏ-5 வீதி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறி, நுவரெலியாவைத் தொட்டு, பேராதனையில் முடிகிறது. கிழக்குக் கரையோரத்திலிருந்து மலைநாட்டின் மறுபக்கம் வரை ஒரே வீதியிலக்கம். உங்கள் ஆசைக்கு இதைவிட நேரான பாதை இல்லை. பிபிலைக்கு இப்பால் யானை நடமாட்டம் உள்ள காடுகளை அந்தி சாயுமுன் கடந்துவிடுங்கள்.

கேள்வி: காட்டுப் பாதைகளில் அட்டைக்கு என்ன செய்வது? வழியில் வரும் பீலித் தண்ணீரைக் குடிக்கலாமா? (வவுனியா வாசகி)

பதில்: ஓடும் சைக்கிளில் அட்டை ஏறாது; புல்லில் நின்றால் ஏறும். காலுறைக்குமேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள், உப்புப் பொட்டலம் ஒன்றையும் வைத்திருங்கள். அட்டையைவிட நான் அஞ்சுவது குளவிக்கு. தேயிலை மலையில் வேலை செய்யும் பெண்களைக் கேட்டால் அதன் கொடுமையைச் சொல்வார்கள். மரக்கிளையிலோ பாறையிடுக்கிலோ கூடு தெரிந்தால், அதன் கீழே நின்று இளைப்பாறாமல் சத்தமின்றி நகர்ந்துவிடுங்கள். பீலித் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும், மேலே தேயிலைக்கு மருந்தடிக்கும் தோட்டமோ தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசையோ இருக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் மருந்து போகாது. முகம் கழுவிக்கொள்ளுங்கள், குடிப்பதற்குக் கடையில் கேளுங்கள்.

கேள்வி: நான் அட்டனில் பிறந்தவன், கொழும்பில் வேலை செய்கிறேன். இம்முறை ரயிலில் வராமல் ஆற்றோரமாகவே சைக்கிளில் வீட்டுக்கு வந்து, அப்படியே தலவாக்கலையையும் பார்க்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதம் எனக்கு மகிழ்ச்சி தந்தது. இந்த வீதிகளில் மூட்டை கட்டிய சைக்கிளில் வெளிநாட்டார் போவதைத்தான் இதுவரை அதிகம் பார்த்திருக்கிறோம்.

அவிசாவளையிலிருந்து ஏ-7 வீதியில் ஏறினால் கித்துள்கல வரை களனி கங்கை உங்களுக்குத் துணை வரும். கினிகத்தேனைக் கணவாயைத் தாண்டியதும் ஆறு மாறிவிடும். அங்கிருந்து உங்கள் பக்கத்து ஓடைகள் மகாவலியை நோக்கி ஓடுபவை. வட்டவளை நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று, ஆகவே மழைச்சட்டையைப் பைக்கு அடியில் வைக்க வேண்டாம். அட்டனைத் தாண்டும்போது, ரயிலில் நீங்கள் சிறுவயதில் கூச்சலிட்டுக் கடந்திருக்கக்கூடிய சிங்கமலைச் சுரங்கம் உங்களுக்குக் கிட்டாது. வீதி மலையைச் சுற்றித்தான் போகும்.

வானிலையைவிட மண்ணைக் கவனியுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடிய மண்ணையும், 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இந்த மலைகளுக்குச் செய்ததையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புறப்படும் அன்று காலை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்புடன் போகலாம். செம்மஞ்சள் என்றால் நான் போகமாட்டேன். சிவப்பு, அங்கே குடியிருப்பவர்களே வெளியேற வேண்டிய நிலை. வழியில் சரிவொன்றைக் கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். வீதியின் மேட்டுப் பக்கத்தில் புதிதாகச் சேற்று நீர் கசிந்தாலோ, மரங்கள் வழமைக்கு மாறாகச் சாய்ந்திருந்தாலோ, அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம்.

தலவாக்கலைக்கு முன்னால் டெவோன் அருவியும் சென் கிளேயர் அருவியும் வரும். 2012 இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் சென் கிளேயரில் விழும் நீர், உங்கள் அப்பா பார்த்த அளவுக்கு இல்லை. எனினும் பகலில் போனால் வெள்ளை நூல்களாய்த் தொங்குவதைப் பார்க்கலாம். வண்டியை மதிலில் சாய்க்கும்போது பஸ் வளைகிற பக்கமாகச் சாய்த்துவிடாதீர்கள்.