"சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவருக்கு

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 31, பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் லைனில் மடிப்புத் தைக்கும் பேட்லாக் மெஷினில் உட்காரும் டெய்லருக்கு 52 வயது, இவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அவர்தான். மூன்று மாதமாக அந்த டெய்லர் தைத்த பீஸ்கள் செக்கிங்கிலிருந்து ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திரும்புவது கூடிக்கொண்டே போகிறது. முதலாளி இவரைக் கேட்கிறார், இவரோ அவரிடம் வாய் திறக்க முடியாமல் தவிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் பேச்சுத்திறன் வகுப்புக்குப் போய் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்து, திங்கட்கிழமை காலையில் தைரியமாகப் போய் அவர் பக்கத்தில் நின்று, "சாப்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாராம். அவருடைய கேள்வி இது: "21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வகுப்பில் சொன்னார்கள். இந்த மாதிரிப் பேச்சு எத்தனை நாளில் தானாக வரும்?"

முதலில் அந்த 21 நாள் கணக்கை ஓரமாக வைத்துவிடுவோம் தம்பி. அது 1960-இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியில் தெரியும் புது முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தான் பார்த்ததை அவர் சொல்லியிருந்தார். வாய்க்கு வாய் மாறியதில் "குறைந்தது" உதிர்ந்துபோய், 21 நாளில் எல்லாம் கைக்கு வந்துவிடும் என்றாகிவிட்டது. இதை முறையாக ஆராய்ந்தவர்கள் லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவும். 96 பேர், மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன விஷயங்களைத் தினமும் செய்து பார்த்தார்கள். அது யோசிக்காமலே வரும் நிலையை எட்ட எடுத்த காலத்தின் நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை போனது. இடையில் ஒருநாள் விட்டுப்போனாலும் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

ஆனால் தண்ணீர் குடிக்கும் வாய்ப்பு தினமும் வரும், இந்த மாதிரிப் பேச்சு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். வருஷத்துக்கு நாலு தடவை செய்வது எப்படிப் பழக்கமாகும்? நீங்கள் கேட்ட வடிவத்தில், அதாவது கஷ்டமான பேச்சு முழுசாகத் தானாக வரும் நாள் என்று ஒன்று எனக்கும் வரவில்லை, இத்தனை வருஷமாக இதையே சொல்லிக்கொடுத்தும். வீட்டு ஓனரிடம் மேல்டேங்கைக் கழுவச் சொல்ல நாலு மாதம் எடுத்துக்கொண்டவன் நான்.

பழக்கமாவது அதன் உள்ளே இருக்கும் சின்னச் சின்னத் துண்டுகள்தான். உங்களுக்கு இரண்டு துண்டு போதும். ஒன்று, சுற்றி வளைக்காமல் விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்வது. இன்னொன்று, சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பது. இரண்டாவதுதான் கொடுமை. "அண்ணே, பத்து பீஸ் திரும்பி வந்திருக்கு" என்று சொல்லிவிடலாம், அடுத்த நொடியே "பரவால்ல விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று நாமே அதை அழித்துவிடுவோம். அந்த "பரவால்ல" இருக்கிறதே, அதை யாரும் நமக்கு வகுப்பு வைத்துச் சொல்லித்தரவில்லை, முப்பது வருஷம் தினமும் பத்துத் தடவை சொல்லிச் சொல்லி ஊறியது. அதற்கு எதிராக ஒருநாள் வகுப்பு என்ன செய்யும்?

ஆகவே இந்த இரண்டு துண்டையும் தினமும் கிடைக்கிற இடத்தில் செய்ய வேண்டும். டீக்கடையில் சர்க்கரை கம்மியாகக் கேட்டு இனிக்க இனிக்க வந்தால் குடித்துவிட்டு நகராமல், "அண்ணே, சக்கர கம்மியா கேட்டேன், வேற போட்டுக்குடுங்க" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். சிரிக்க வேண்டாம், விளக்கம் வேண்டாம், "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" வேண்டாம். கண்டக்டரிடம் ஆறு ரூபாய் பாக்கி, மாவு மில்லில் எடை குறைவு, வரிசையில் நடுவில் நுழைகிறவர் என்று ஒரு நாளைக்கு ஒன்று கிடைக்காமல் போகாது. கிடைக்காத நாளில் வீட்டில் யாராவது உங்கள் சார்ஜரை எடுத்திருப்பார்கள். அற்பமாகத் தெரியும், தெரியட்டும். கோபமே இல்லாத இடத்தில் பழகினால்தான் நெஞ்சு படபடக்கிற இடத்தில் அது கொஞ்சமாவது மிச்சமிருக்கும்.

அப்புறம் ஒத்திகை. மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதை நான் ஒத்திகையில் சேர்ப்பதில்லை, அங்கே எதிராளி நாம் எழுதிக்கொடுத்த வசனத்தைத்தான் பேசுவார். சத்தமாக, ஓர் ஆளை எதிரில் உட்காரவைத்துப் பேச வேண்டும். மருத்துவப் படிப்பில் இது பழைய முறை. 1963-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர் பயிற்சி கொடுத்த ஆட்களை நோயாளியாக நடிக்கவைத்தார். இன்றைக்குக் கெட்ட செய்தியைச் சொல்லப் பழகும் டாக்டர்கள் பல இடங்களில் அப்படித்தான் பழகுகிறார்கள். உங்களுக்கு ஒரு கூட்டாளி போதும். அந்த டெய்லரைத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. அவரிடம் மூன்று விதமாக நடிக்கச் சொல்லுங்கள்: "உனக்கு ஊசி கோக்கக் கத்துக்குடுத்தவன்கிட்டயே வர்றியா" என்று சீறுவது, "வயசாயிருச்சு, நிப்பாட்டிர்றேன் கண்ணு" என்று உடைவது, ஒன்றுமே பேசாமல் மெஷினை ஓட்டுவது. மூன்றில் எது உங்களைச் சாய்க்கிறதோ அதையே திரும்பத் திரும்ப நடிக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் சீறலை எல்லோரும் தாங்கிவிடுகிறார்கள், அந்த "நிப்பாட்டிர்றேன் கண்ணு"வில்தான் விழுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, பத்து நிமிஷம். ஒரே நாளில் இரண்டு மணிநேரம் போட்டு முடித்துவிடாதீர்கள், இடைவெளி விட்டுச் செய்வதுதான் தங்கும்.

இப்போது உங்கள் "சாப்டீங்களாண்ணே"வுக்கு வருகிறேன். நீங்கள் அதை அசிங்கமாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலாளர் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது வெறும் "செய்யணும்" என்ற எண்ணத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று பலமுறை காட்டியிருக்கிறார். அந்த 'இது' தெளிவாகவும் தவறாமல் வருவதாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்குத் தவறாமல் வருவது எது? அண்ணன் பக்கத்தில் போனாலே வாயில் வரும் அந்தக் கேள்விதான். அதை அடக்காதீர்கள், அதன் வாலில் கட்டுங்கள். "சாப்டீங்களாண்ணே?" என்றால், அவர் "ஆச்சுப்பா" என்பார், உடனே "ஒரு விசயம் சொல்லோணுங்ண்ணே." இந்த மூன்றும் ஒரே மூச்சு. ஒத்திகையிலும் இங்கிருந்தே ஆரம்பியுங்கள். "ஒரு விசயம்" என்று வந்துவிட்டால் பின்வாங்குவது கஷ்டம், அவர் நிமிர்ந்து பார்த்துவிடுவார்.

வகுப்பில் பாராட்டு, குறை, பாராட்டு என்று நடுவில் வைத்துச் சொல்லும் வித்தையைச் சொல்லியிருப்பார்கள், உங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். முப்பது வருஷம் மெஷினில் உட்கார்ந்தவருக்கு முதல் பாராட்டிலேயே ஏதோ வருகிறது என்று தெரிந்துவிடும். அதைவிட மரியாதை, லைனில் நாலு பேர் பார்க்க ஆல்டர் மூட்டையோடு போய் நிற்காமல் இருப்பது. டீ நேரத்தில், ஒரே ஒரு பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அடிமடிப்பில் தையல் விலகிய இடத்தை விரலால் காட்டுங்கள். "மூணு மாசமா இந்த மாதிரி திரும்புதுண்ணே. என்னன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க." நிறுத்துங்கள். மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள்.

ஏன் "நீங்களே சொல்லுங்க" என்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் ஒன்று உறுத்தியது. மூன்று மாதமாகத்தான் இப்படி, அதுவும் கறுப்பு, நேவி கலரில்தான் அதிகம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 52 வயசு, கருந்துணியில் கருநூல். வெள்ளெழுத்து நாற்பதைத் தாண்டினாலே ஆரம்பித்துவிடும், பலர் கண்ணாடி போடக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவார்கள். அதுவாக இல்லாமலும் இருக்கலாம், மெஷினாக இருக்கலாம், வீட்டுக் கவலையாக இருக்கலாம். நீங்கள் குற்றச்சாட்டோடு போனால் இதில் எதுவும் அவர் வாயிலிருந்து வராது.

சரி, எத்தனை நாள்? டீக்கடைச் சமாச்சாரம் இரண்டு மூன்று மாதத்தில் யோசிக்காமல் வர ஆரம்பிக்கும். டெய்லர் அண்ணனிடம் பேச அதுவரை காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம், நாலு ஒத்திகை, பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு மட்டும் வேண்டாம். பேசி முடித்ததும் எந்த இடத்தில் வாய் "பரவால்ல" என்றது என்று ஒரு வரி எழுதிவையுங்கள், அடுத்த ஒத்திகை அங்கிருந்து.

அதற்கு முன்னால் ஒன்று. கண்ணுதான் காரணம் என்று தெரிந்தால் கண்ணாடிச் செலவைக் கம்பெனி ஏற்குமா, அவர் மெஷினுக்கு ஒரு லைட் கூடுதலாகப் போடலாமா என்று முதலாளியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் உங்களுக்கு வாய் வராது என்று நினைக்கிறேன், ஒத்திகையை அதிலிருந்தே தொடங்கிவிடலாம்.