வினையோடு ஒட்டி வரும் சிறு சொற்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘ஐ டிஸ்கஸ்டு அபவுட் த ப்ராப்ளம்’ என்று நான் எழுதிய வாக்கியத்தில் ‘அபவுட்’ தவறு என்று அடித்துவிட்டார்கள். ‘பிரச்சினையைப் பற்றி விவாதித்தேன்’ என்னும்போது ‘பற்றி’ வேண்டாமா?

பதில்: தமிழில் வேண்டும், ஆங்கிலத்தில் வேண்டாம். ‘டிஸ்கஸ்’ என்ற வினை எதை விவாதிக்கிறோமோ அதை நேரடிச் செயப்படுபொருளாகவே ஏற்கும். ‘ஐ டிஸ்கஸ்டு த ப்ராப்ளம்’ என்பதே போதும். அறைக்குள் நுழைந்தேன், நிலையத்துக்குச் சென்றடைந்தேன், கேள்விக்குப் பதில் சொன்னேன், அலுவலகத்தோடு தொடர்புகொண்டேன் என்று தமிழில் ஏதேனும் ஓர் உருபு குறுக்கே நிற்பதால், ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் ஒரு ப்ரெபொசிஷனை (‘டு’, ‘இன்’, ‘அபவுட்’ போலப் பெயருக்கு முன் வரும் சிறு சொல்லை) நிரப்ப நம் கை தானாகப் போகிறது. ஆனால் ‘ஐ எண்டர்டு த ரூம்’, ‘ஐ ரீச்டு த ஸ்டேஷன்’, ‘ஐ ஆன்சர்டு த கொஸ்சன்’, ‘ஐ கான்டாக்டட் த ஆஃபீஸ்’ ஆகிய எதிலும் இடையே ஒன்றும் வராது.

குழப்பம் கூடுவதற்குக் காரணம், இதே சொற்கள் பெயர்ச்சொல்லாக மாறும்போது ப்ரெபொசிஷன் திரும்பி வந்துவிடுவதுதான்: ‘வி ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் த ப்ராப்ளம்’, ‘மை ஆன்சர் டு த கொஸ்சன்’ என்பவை சரியான தொடர்கள். பொருள் மாறினாலும் அது வரக்கூடும். அறைக்குள் நுழைவதற்கு வேண்டாத ‘இன்டு’, ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது ‘ஐ எண்டர்டு இன்டு அன் அக்ரிமெண்ட்’ என்று வந்தே தீரும்.

திருமண வினையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சியைச் சொன்னால் ‘ஐ மேரிட் ஹிம்’, நிலையைச் சொன்னால் ‘ஐ ஆம் மேரிட் டு ஹிம்’. ‘அவரோடு’ என்பதை நினைத்துக்கொண்டு ‘வித்’ போடுவது இரண்டிலும் பிழை. ‘ஐ ஆம் மேரிட் வித் டூ சில்ட்ரன்’ என்ற தொடரைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. அங்கே ‘வித்’ குழந்தைகள் இருப்பதைச் சொல்கிறதே தவிர, யாரை மணந்தார் என்பதைச் சொல்லவில்லை.

கேள்வி: கடிதத்தின் முடிவில் ‘ஐ லுக் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று எழுதுவதா, ‘டு மீட்டிங் யூ’ என்று எழுதுவதா? ‘டு’வுக்குப் பின் வினையின் மூலவடிவம்தானே வரவேண்டும்?

பதில்: ‘டு மீட்டிங் யூ’ என்பதே சரி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட இரண்டு ‘டு’க்கள் இருக்கின்றன. ஒன்று, ‘ஐ வாண்ட் டு மீட் யூ’ என்பதில் வருவதுபோல வினையின் மூலவடிவத்துக்கு முன் நிற்கும் குறி, மற்றொன்று ப்ரெபொசிஷன். எது எது என்று அறிய, அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ என்று சொல்ல முடிகிறது. ‘ஐ வாண்ட் டு யுவர் ரிப்ளை’ என்று சொல்ல முடியாது. பெயர்ச்சொல்லை ஏற்கும் ‘டு’ ப்ரெபொசிஷன் ஆகையால், அதன்பின் வரும் வினை ‘இங்’ ஈற்றோடுதான் வரும்.

இந்த வேறுபாடு தெரியாமல் போனால் பொருளே மாறிவிடும் இடமும் உண்டு. ‘ஐ யூஸ்டு டு டிரைவ் அட் நைட்’ என்றால் முன்பு இரவில் வண்டி ஓட்டும் வழக்கம் எனக்கு இருந்தது, இப்போது இல்லை என்பது பொருள். ‘ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங் அட் நைட்’ என்றாலோ, இரவில் ஓட்டுவது எனக்குப் பழகிவிட்டது என்று பொருள். நேர்காணலில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சொன்னால், இருக்கும் தகுதியை இல்லையென்று நாமே சொன்னதாகிவிடும்.

மற்ற ப்ரெபொசிஷன்களில் இந்த ஐயத்துக்கு இடமே இல்லை. ‘ஐ இன்சிஸ்டட் ஆன் பேயிங்’, ‘ஐ சக்சீடட் இன் ஃபைண்டிங் இட்’, ‘ஐ ஆம் திங்கிங் ஆஃப் ரிசைனிங்’ என எல்லாவற்றிலும் ‘இங்’ வடிவமே வரும்.

கேள்வி: ‘ஹி கேவ் மீ எ புக்’ சரியென்றால், ‘ஹி எக்ஸ்ப்ளெய்ண்டு மீ த ப்ளான்’ ஏன் தவறு?

பதில்: ‘கிவ்’ இரண்டு செயப்படுபொருள்களை அடுத்தடுத்து ஏற்கும்; ‘எக்ஸ்ப்ளெய்ன்’ ஏற்காது. ஆகவே ‘ஐ எக்ஸ்ப்ளெய்ண்டு த ப்ளான் டு ஹிம்’ என்றே சொல்ல வேண்டும். ‘டிஸ்க்ரைப்’, ‘சஜஸ்ட்’, ‘சே’ ஆகியவையும் இதே வகை. ‘ஐ டோல்ட் ஹிம்’ என்பதும் ‘ஐ செட் டு ஹிம்’ என்பதும் அருகருகே வாழ்வது இதனால்தான்.

கேள்வி: ‘அக்ரீ’ என்ற ஒரே வினைக்கு வித், டு, ஆன் என மூன்றும் வருகின்றனவே?

பதில்: எதனோடு உடன்படுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒருவருடைய கருத்தோடு ஒத்துப்போனால் ‘ஐ அக்ரீ வித் யூ’. முன்வைக்கப்பட்ட திட்டத்துக்கு இசைந்தால் ‘ஐ அக்ரீட் டு த ப்ரபோசல்’. பலர் பேசி ஒன்றைத் தீர்மானித்தால் ‘வி அக்ரீட் ஆன் எ டேட்’. ‘ஐ ஆம் அக்ரீ’ என்பது மட்டும் எந்த நிலையிலும் பொருந்தாது, ஏனெனில் ‘அக்ரீ’ தானே ஒரு வினை.

கேள்வி: ‘கு’ என்றால் ‘டு’, ‘இல்’ என்றால் ‘இன்’ என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறேன். போதுமா?

பதில்: அந்த அட்டவணையைக் கைவிடுவதே நல்லது. தமிழில் ‘ஐ’ என்ற ஒரே வேற்றுமை உருபை எடுத்துக்கொள்ளுங்கள்: இசையைக் கேட்கிறேன் என்பதற்கு ‘ஐ லிஸன் டு மியூசிக்’, சாவியைத் தேடுகிறேன் என்பதற்கு ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் த கீ’, உங்களை நம்பியிருக்கிறேன் என்பதற்கு ‘ஐ டிபெண்ட் ஆன் யூ’. ஓர் உருபு மூன்றாகப் பிரிகிறது. நாய்க்குப் பயப்படுவதில் ‘டு’ இல்லை, ‘ஐ ஆம் அஃப்ரெய்டு ஆஃப் டாக்ஸ்’. கணக்கில் கெட்டிக்காரர் என்பதில் ‘இன்’ இல்லை, ‘ஐ ஆம் குட் அட் மேத்ஸ்’. எந்தச் சிறு சொல் வரும் என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் அந்த வினையோ பெயரடையோதான். தமிழிலும் ‘நாய்க்குப் பயம்’, ‘நாயைக் கண்டால் பயம்’ என்று வழக்குதானே உருபைத் தீர்மானிக்கிறது.

எனவே வினையைத் தனியாகப் படிக்காமல், தன்மையில், அதாவது ‘நான்’ என்று அமைந்த ஒரு முழு வாக்கியமாக, உங்களுக்கு உண்மையான செய்தியைக் கொண்டு எழுதிப் பழகுங்கள். மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகள் இதற்கு மிகவும் உதவும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியே வினைகளை அவை ஏற்கும் அமைப்புகளாக வகுத்துக் காட்டியது. இன்றைய அகராதிகளும் ஒவ்வொரு வினைக்கும் அதனோடு வரும் ப்ரெபொசிஷனைத் தடித்த எழுத்தில் தருகின்றன. பொருளைப் பார்த்தவுடன் பக்கத்தை மூடிவிடாமல் அந்த வரியையும் படியுங்கள்.

கேள்வி: வாக்கியத்தை ப்ரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்பது விதியா?

பதில்: விதியன்று. 1672இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குறையாகச் சுட்டியதிலிருந்து இந்த அச்சம் பரவியது. ‘ஐ நீட் எ சேர் டு சிட் ஆன்’ என்பது இயல்பான ஆங்கிலம். அச்சத்தில் ‘ஆன்’ என்பதை விட்டுவிட்டு ‘எ சேர் டு சிட்’ என்று நிறுத்துவதுதான் பிழை.